பால் உறைய ஊற்றும் ஆசிட்டும் உயிரின் முதல் படியும்

கெடாவில் கூலிம், பீடோங், பாலிங் பக்கத்துத் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்குப் பார்மிக் ஆசிட்டின் நெடி மறந்திருக்காது. மங்கில் சேர்ந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, அளவாக இந்த ஆசிட்டை விட்டால் உறைந்துவிடும். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் ஒன்றையொன்று விலக்கும். ஆசிட் அந்த மின்னூட்டத்தைத் தணித்ததும் ஒட்டிக்கொள்கின்றன.

பூமியில் உயிர் எப்படித் தோன்றியது என்று ஆராய்பவர்களும் இதே ஆசிட்டைத்தான் தேடுகிறார்கள். இதில் இருப்பது ஒரே ஒரு கார்பன் அணு. கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் சேர்ந்து இது உருவாகக்கூடும்.

மின்னலா, பாறையா?

1953-ல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி நிறைந்த கண்ணாடிக் குடுவைக்குள் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். உயிருக்கான பொருள்கள் கிடைத்துவிட்டன. ஆனால் உயிர் என்பது பொருள்களின் குவியல் மட்டுமல்ல, ஓயாது நடக்கும் வேதிவினையும்கூட. அதை நடத்தும் ஆற்றல் எங்கிருந்து வந்தது?

வேதியியல் படித்த ஜெர்மானியக் காப்புரிமை வழக்கறிஞர் குந்தர் வாக்டர்ஷாய்சர் 1988-ல் ஒரு விடை சொன்னார்: இரும்பும் கந்தகமும் கலந்த கனிமப் பரப்பில்தான் முதல் வளர்சிதை மாற்றம் நடந்தது. 2000-ல் அட்லாண்டிக் கடலடியில் 'லாஸ்ட் சிட்டி' என்ற காரத்தன்மையுள்ள வெந்நீர் ஊற்றுத் தொகுதி கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே இரும்பு கொண்ட பாறையோடு கடல்நீர் வினைபுரிந்து, ஹைட்ரஜன் தானாகவே உண்டாகிறது.

2020-ல் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தின் மார்டினா பிரைனர், வில்லியம் மார்ட்டின் குழுவினர், கனிமமும் இந்த ஹைட்ரஜனும் சேர்ந்தால் அந்த முதல் வினை நடக்குமா என்று சோதித்தார்கள். 100 டிகிரி செல்சியஸில், காரநீரில், இரும்பு, நிக்கல் கனிமங்களின் துணையால் கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் சேர்ந்து ஒரு கார்பன் கொண்ட பார்மேட் (காரநீரில் பார்மிக் ஆசிட் எடுக்கும் வடிவம்), இரண்டு கார்பன் கொண்ட அசிட்டேட், மூன்று கார்பன் கொண்ட பைருவேட் ஆகியவை கிடைத்தன. நொதி எதுவும் தேவைப்படவில்லை.

இன்றும் சில நுண்ணுயிர்கள் இதே வழியில்தான் பிழைக்கின்றன. அவற்றின் நொதிகளுக்குள்ளும் இரும்பும் நிக்கலும் கந்தகமும் உள்ளன. அந்த வழி முடியும் இடம் அசிட்டைல் கோஎன்சைம்-ஏ என்ற மூலக்கூறு. பால்மரம் அதைச் சர்க்கரையிலிருந்து பெற்றாலும், ரப்பரை அதிலிருந்துதான் கட்டுகிறது: மூன்று அசிட்டைல் துண்டுகள் சேர்ந்து ஐந்து கார்பன் அலகாகின்றன, அத்தகைய ஆயிரக்கணக்கான அலகுகளின் சங்கிலியே ரப்பர்.

உலு லெகோங் அப்படிப்பட்ட இடமா?

பாலிங் அருகே உள்ள உலு லெகோங் வெந்நீர் ஊற்று லாஸ்ட் சிட்டி வகையைச் சேர்ந்ததல்ல. ஆழத்துக்கு இறங்கிய மழைநீர், பாறை வெப்பத்தால் சூடேறி, விரிசல் வழியே மேலே வருகிறது. ஆனால் உயிர் பிறந்தது கடலடியில் அல்ல, நிலத்து வெந்நீர்க் குட்டைகளில் என்று வாதிடுவோரும் உண்டு. அமெரிக்க அறிஞர் டேவிட் டீமர் அவர்களில் ஒருவர். மூலக்கூறுகள் சங்கிலியாக இணையும்போது தண்ணீர் வெளியேற வேண்டும். நனைந்து நனைந்து காயும் குட்டைதான் அதற்குத் தோது என்பது அவர் வாதம்.

பாறைக் கட்சியினருக்கும் ஒரு சிக்கல் உண்டு. 2020 சோதனையில் கிடைத்த அதிகபட்ச அளவுகளை ஒப்பிட்டால், பைருவேட் பார்மேட்டில் 20,000-ல் ஒரு பங்குதான். படி ஏற ஏற விளைச்சல் சுருங்குகிறது. தன்னைத் தானே நகலெடுக்கும் ஆர்.என்.ஏ. இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. ஒரு கார்பனைப் பிடித்த பாறை, அந்தத் தூரத்தில் எத்தனை படி ஏறும் என்பதைத்தான் ஆய்வகங்கள் இனிக் காட்ட வேண்டும்.