உடுக்க முடியாத உடுப்பும் உதவும்

நிவாரண லொறி முகாம் வாசலில் உடுப்பு மூட்டைகளை இறக்கிவிட்டுப் போவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவிழ்த்துப் பார்த்தால் குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகளும் பொத்தான் இல்லாத சேட்டுகளுமே மிஞ்சும். கொடுத்தவர் மனம் நல்லதுதான். ஆயினும் வாங்குபவர் மனம் கூசுகிறது. சில நாட்களில் மூட்டை மழையில் நனைந்து குப்பையாகிவிடுகிறது.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் தமிழகத்தின் நாகப்பட்டினக் கரையில் இதுவே நடந்தது. தெருவோரம் குவிந்த பழைய துணிகளை, எல்லாம் இழந்த மீனவ மக்களிற் பலர் எடுக்க மறுத்தனர். டில்லியில் அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, அவ்வாறு ஒதுக்கப்பட்ட துணிகளை எடுத்துத் தரம் பிரித்தது. பழைய பருத்தித் துணியைப் பெண்களின் மாதவிலக்குத் துணியாகவும், கிழிசல்களை அடுக்கித் தைத்த விரிப்பாகவும் மாற்றுவது அவ்வமைப்பின் வழக்கம்.

எமக்கும் இந்த அறிவு புதிதல்ல. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் எம் தாய்மார் சேலைகளைப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி, பதுங்குகுழிக்கு அணையாக அடுக்கினர். ஆசையாய் உடுத்த சேலை அன்று பிள்ளைகளைக் காக்கும் சுவராயிற்று.

இனி மூட்டை வந்தால் என்ன செய்யலாம்? முதலில் அதை ஈரம் படாத இடத்தில் உயர்த்தி வைப்போம். அடுத்து, பருத்தியையும் நைலோன், பொலியெஸ்டர் துணிகளையும் பிரிப்போம். ஐயமிருந்தால் வாளித் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு ஒரு நூலைக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி கடதாசி போல் எரிந்து சாம்பலாகும். நைலோன் உருகிக் கட்டியாகும்.

பருத்தி நீரை உறிஞ்சும். சவர்க்காரமிட்டுத் துவைத்து, கொதிநீரில் அவித்து, நல்ல வெயிலில் உலர்த்தினால் மாதவிலக்குத் துணிக்கும் கைக்குழந்தைக்குக் கட்டும் துணிக்கும் ஆகும். அதன் கீலங்கள் தக்காளிச் செடியைத் தண்டு நோகாமல் கட்ட உதவும்; பின்னர் உக்கி மண்ணோடு சேரும்.

நைலோன் எளிதில் உக்காது. கீலமாகக் கிழித்து முறுக்கினால் ஆட்டுக்கயிறு. பையாகத் தைத்தால் வெள்ளத்துக்கு மண் அணை. அடுப்படியில் மட்டும் அதைப் பாவிக்க வேண்டாம். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

அடுத்தமுறை "என்ன தேவை?" என்று நிவாரணம் தருவோர் கேட்டால், கத்தரிக்கோல், ஊசி, நூல், ஒரு தையல் மெசின் என்று சொல்வோம். தைக்கும் பெண்களுக்குக் கூலியும் கேட்போம். வரிசையில் நின்று வாங்கிய நாம், அன்று உழைத்துப் பெற்றவர்களாக வீடு திரும்பலாம்.