மிதவை வானூர்திப் போட்டிகளில் பொறிபூட்டிய மிதவைகள்

மோட்டார் கிளைடர் எனப்படும் பொறிபூட்டிய மிதவை வானூர்தி என்பது, தேவைப்படும்போது இயக்கவும் மற்ற நேரத்தில் நிறுத்தி வைக்கவும் கூடிய பொறியைக் கொண்ட மிதவை வானூர்தி ஆகும். சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றோட்டம் போன்ற இயற்கையான மேலெழு காற்றோட்டங்களைக் கொண்டு உயரம் பெற்று, குறித்த திருப்புமுனைகளைச் சுற்றி விரைந்து வருவதே மிதவைப் போட்டியாகும். எனவே பொறியுள்ள ஊர்தியும் பொறியற்ற ஊர்தியும் ஒரே பிரிவில் மோதுவது நேர்மையானதா என்ற வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது.

இவற்றுள் சில தாமாகவே தரையிலிருந்து எழ வல்லவை. வேறு சில, இழுவை வானூர்தியால் மேலேற்றப்பட்டு, காற்றோட்டம் கிடைக்காதபோது வீடு திரும்புவதற்கு மட்டும் சிறிய பொறியைப் பயன்படுத்துபவை.

அடிப்படை விதி

உலகப் போட்டிகளுக்கான விதிகளைப் பன்னாட்டு வானூர்தியியல் கூட்டமைப்பின் (எஃப்.ஏ.ஐ.) மிதவைப் பறப்பு ஆணையம் வகுக்கிறது. இக்கூட்டமைப்பில் இந்தியாவின் உறுப்பினர் இந்திய ஏரோ கிளப் ஆகும். போட்டித் தடத்தில் பறக்கும்போது பொறியை இயக்கிய விமானி, அதை இயக்கிய இடத்திலேயே தரையிறங்கியவராகக் கருதப்படுவார் என்பதே விதியின் கரு. அதன்பின் அவர் எவ்வளவு தொலைவு பறந்தாலும் அதற்குப் புள்ளி இல்லை.

எடுத்துக்காட்டாக, 300 கி.மீ. தடத்தில் இருவர் ஒரே இடத்தில் காற்றோட்டத்தை இழப்பதாகக் கொள்வோம். பொறியுள்ளவர் 300 மீட்டர் உயரத்தில் பொறியை இயக்குகிறார். பொறியற்றவர் 150 மீட்டர் வரை தேடிப் பார்த்துவிட்டு ஒரு வயலில் இறங்குகிறார். சறுக்கு விகிதம் 40 எனில், அமைதியான காற்றில் 150 மீட்டர் உயரம் 6 கி.மீ. தொலைவுக்குச் சமம். அந்த 6 கி.மீ.க்கான புள்ளி பொறியற்றவருக்கே சேரும். ஆயினும் மாலையில் விடுதியில் உறங்குபவர் பொறியுள்ளவரே. மற்றவர் இழுவண்டி வரும்வரை வயலில் காத்திருந்து, மறுநாள் களைப்புடன் பறப்பார். இந்த இழப்பைப் புள்ளிக் கணக்கு காட்டுவதில்லை.

சாதகமும் பாதகமும்

பொறி இருப்பதனால் இறங்குமிடம் அரிதான காட்டின்மீதும் துணிந்து செல்லலாம் என்பது முதன்மையான குற்றச்சாட்டு. இது முழுவதும் சரியன்று. கம்பத்தில் நிறுத்திய பொறி இயங்க மறுத்தால், விரிந்து நிற்கும் அப்பொறியே பெரும் காற்றுத் தடையாகி ஊர்தியை விரைவில் கீழே இறக்கிவிடும். பொறியை நம்பி வயலைத் தேடாமல் விடுவது உயிருக்கே ஆபத்தாகும்.

எடையும் கருதத்தக்கது. 18 மீட்டர் பிரிவில் மொத்த எடை 600 கிலோகிராமுக்கு மேற்படக் கூடாது. பொறியற்ற ஊர்தி இறக்கைகளில் நீர் நிரப்பி அந்த எடையை எட்டலாம். காற்றோட்டம் நலிந்தால் நீரை வெளியேற்றி இலேசாகலாம். பொறியை அவ்வாறு கொட்ட இயலாது. ஆகவே நல்ல வெயில் நாளில் பொறி பெரிய சுமையன்று. நலிந்த நாளில் அதுவே பாதகம்.

சான்றும் பொருள்கோளும்

பொறி இயங்கியதா என்பதைப் பறப்புப் பதிகருவி காட்டுகிறது. அது அமைவிடத்தோடு ஒலியளவையும் 0 முதல் 999 வரையான எண்ணாகப் பதிகிறது. ஆனால் ஒலி வேறு, உந்துவிசை வேறு. விமானியறையின் சிறு சாளரத்தைத் திறந்து வைத்துப் பறந்தாலும் எண் உயரும். மாறாக, மூக்கில் மடிப்புச் சுழலியைக் கொண்ட மின்பொறியின் ஓசை மிகக் குறைவு. கருவி அதைத் தவறவிடக் கூடும். இதனால் இத்தகைய ஊர்திகளில் உந்துபொறியின் இயக்கத்தைத் தனியே உணரும் பதிவும் கோரப்படுகிறது. ஐயம் எழுமிடத்தில் ஓர் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பது முறையாகாது. அந்நேரத்தில் ஊர்தியின் உயரமும் வேகமும் எவ்வாறு மாறின என்பதையும் ஒப்பிட வேண்டும்.

இந்தியச் சூழல்

இந்தியக் குடிசார் வானூர்தித் துறை உருவாக்கிய மிதவைகளுக்கு ரோகிணி, கார்த்திக், ஆர்த்ரா என நாள்மீன்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. புனே அருகிலுள்ள அடப்சர் மிதவைப் பயிற்சிக்குப் பெயர் பெற்றது.

தமிழ்நாட்டின் ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதி, இவ்விதியின் தேவையை விளக்க நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரைச் சூழ்ந்து சிப்காட் தொழிற்பேட்டைகள், மின்கம்பித் தடங்கள், ரோசாப் பசுமைக்குடில்கள், பாறைக் குன்றுகள் ஆகியன உள்ளன. இங்கு வெப்பக் காற்றை இழக்கும் பொறியற்ற மிதவைக்கு, எட்டும் தொலைவில் தடையற்ற வயல் அமைவது அரிது. பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோசுபேசு நிறுவனத்தின் ஓடுதளம் உள்ளது. அந்நிறுவனம் ஹன்சா-3 என்னும் ஈரிருக்கைப் பயிற்சி வானூர்தியைக் கட்டியது. அது மிதவையன்று; அதன் இறக்கை நீளம் 10.47 மீட்டரே.