திராட்சை ஒயின்களைக் கலப்பது எப்போது?

பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒரே வகைத் திராட்சையால் ஆவதில்லை. மெர்லோ, கேபர்னே சோவிஞ்ஞோன் இரண்டும் அங்கு முக்கிய வகைகள். மெர்லோ முன்னதாகப் பழுக்கும், சுவை மென்மையானது. கேபர்னே பிந்திப் பழுக்கும்; அதன் தடித்த தோல் துவர்ப்பான டானினை மிகுதியாகத் தரும். அறுவடை நாள் வேறுபடுவதால் அவற்றைத் தனித்தனியே நொதிக்க வைத்துப் பிறகு கலக்கிறார்கள். வீட்டில் ஒயின் தயாரிக்கும் பெரியவர்கள் பலரும் இதே வழியைப் பின்பற்றுகிறார்கள்.

விதிவிலக்கும் உண்டு. அதே நாட்டின் கோட்-ரோட்டியில், சிரா எனும் கருந்திராட்சையோடு வியோன்யே எனும் வெள்ளைத் திராட்சையை 20 விழுக்காடு வரை சேர்த்து ஒன்றாகவே நொதிக்க வைக்கலாம். வெள்ளை சேர்ந்தால் நிறம் வெளிறும் என்றுதானே நினைப்போம்? ஆனால், நிறமற்ற பீனால் சேர்மங்கள் ஆந்தோசயனின் என்னும் நிறமியோடு அடுக்கடுக்காகச் சேரும்போது சிவப்பு இன்னும் ஆழமாகலாம்.

நொதித்த பின் கலப்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஓர் ஒயினில் ஆல்கஹால் 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவைத் தாங்க முடியாமல் ஈஸ்ட் ஓய்ந்துவிட்டது. சிறிது சர்க்கரை மீந்திருக்கிறது. இன்னொன்றில் ஆல்கஹால் 11 விழுக்காடு. சர்க்கரை முழுவதும் தீர்ந்துவிட்டது, ஆனால் ஈஸ்ட் உயிரோடு உள்ளது. தனித்தனியே இரண்டும் அமைதியாக இருக்கும். சம அளவில் கலந்தால் ஆல்கஹால் ஏறக்குறைய 13 விழுக்காடாகும். ஈஸ்டுக்கு உணவும் கிடைத்துவிட்டது. நொதித்தல் மறுபடி தொடங்கலாம்.

இதனால் என்ன ஆகும்? ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு நொதித்தால் இரண்டு எத்தனால் மூலக்கூறுகளும் இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகளும் உண்டாகும். 4 கிராம் குளுக்கோஸ் என்பது ஏறத்தாழ 0.022 மோல். அது தரும் வாயு 0.044 மோல். அறை வெப்பநிலையில் இதன் கன அளவு ஏறத்தாழ 1 லிட்டர்! மூடிய புட்டியில் அதற்கு இடமேது? அழுத்தம் ஏறி மூடி தெறிக்கலாம், கண்ணாடியே வெடிக்கலாம். எனவே, கலந்ததும் புட்டியில் அடைக்கக் கூடாது. வாயு வெளியேற வழியுள்ள கலனில் சில வாரங்கள் வைத்து, ஹைட்ரோமீட்டர் அளவு மாறாதிருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

புளித்துக் காடியாகத் தொடங்கிய ஒயினை நல்லதோடு கலந்து காப்பாற்றவும் முடியாது. அதிலுள்ள அசெட்டிக் அமில பாக்டீரியா நல்லதையும் கெடுத்துவிடும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. பிஎச் 3, பிஎச் 4 கொண்ட இரு ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசல்களைச் சம அளவில் கலந்தால் கிடைப்பது 3.5 அன்று, ஏறக்குறைய 3.26. பிஎச் என்பது மடக்கை அளவுகோல். ஒயினிலோ வலிமை குறைந்த அமிலங்களும் அவற்றின் உப்புகளும் சேர்ந்திருப்பதால் இந்தக் கணக்கும் அப்படியே பொருந்தாது. அதனால்தான் முதலில் 100 மில்லிலிட்டர் மாதிரியில் கலந்து, அளந்து பார்த்துவிட்டு, அதன் பிறகே முழுக் கலனிலும் கலக்கிறார்கள்.