கணப்பில் எரிந்த சோலை

டிசம்பரில் ஊட்டிக்கு ஏழு மணிக்கே நடுநிசி வந்துவிடுகிறது. நான் தங்கியிருந்த பழைய ஹோட்டலில் சரியாக அந்த நேரத்துக்குக் கதவைத் தட்டினார்கள். வாசலில் கம்பளிக் குல்லாய் போட்ட நடுவயதுப் பணியாளர். கையில் கூடை நிறைய விறகு. உள்ளே வந்தவர் சுவரோரக் கணப்பின் முன் குந்தி உட்கார்ந்து, அடியில் சுள்ளியைப் பரப்பி, பிளந்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். ஒரே தீக்குச்சிதான். ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கத் தைல வாசனை.

கற்பூர மரம்தானே, அதாவது யூகலிப்டஸ்தானே என்று கேட்டேன். ஆமாம், சில நாள் சீகையும் (வாட்டில்) வரும் என்றார். சீகை நின்று எரியுமாம். கற்பூரம் சடசடவென்று எரிந்து அடங்கிவிடுமாம். அறைக்கு ஒரு கூடை. இரண்டாவது கூடை வேண்டுமென்றால் தனிக் காசு.

வெள்ளைக்காரர் காலத்து ஹோட்டல்களைப் பற்றி எழுதுங்கள் என்றுதான் என்னை மலைக்கு அனுப்பினார்கள். எந்த மகாராஜா எந்த அறையில் படுத்தார், எந்த மேஜையில் ஸ்நூக்கருக்குச் சட்டம் எழுதினார்கள் என்பதெல்லாம் வாசகர்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கூடையைப் பார்த்த பிறகு அதற்கு மேல் வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. இருநூறு வருடமாக இந்த மலையில் ஒவ்வொரு நல்ல அறையிலும் ஒரு கணப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அத்தனை விறகும் எங்கிருந்து வந்தது?

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய கதை எல்லோருக்கும் தெரிந்தது, அதைத் தாண்டிவிடுகிறேன். அவர் கட்டிய கல் பங்களா எழுந்து பத்து வருடம்கூட ஆகாத நிலையில், ஊட்டியில் விருந்தினருக்கென்றே ஒரு மாளிகை எழும்பிவிட்டது. கட்டியவர் சர் வில்லியம் ரம்போல்ட். ஹைதராபாத் நிஜாமுக்குக் கடன் கொடுத்துக் கொழித்த ஒரு நிறுவனத்தின் பங்குதாரர். 1830களின் தொடக்கத்தில், பாதைகூடச் சரியாக இல்லாத மலையுச்சியில், தூண்கள் வைத்த முகப்போடு அப்படியொரு கட்டடத்தை எழுப்பும் துணிச்சல் அவருக்கு இருந்தது. கொஞ்ச காலம் ஹோட்டலாக இருந்த அந்தக் கட்டடம்தான் பின்னால் ஊட்டி கிளப் ஆனது. இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

1834இல் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஊட்டியில் வந்து தங்கினார். அவரைப் பார்க்க மெக்காலே சென்னையிலிருந்து மைசூர் வழியாகப் பல்லக்கில் தூக்கி வரப்பட்டார். வந்து சேர்ந்ததும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஊட்டியின் ஆடி மழை தெரிந்தவர்களுக்கு அவர் நிலைமை புரியும்: வெளியே போக முடியாது, துணி காயாது, சுவரில் ஓதம் ஏறியிருக்கும். கணப்புதான் துணை. இந்த நாட்டுப் பிள்ளைகள் எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று மறுவருடம் குறிப்பு எழுதிய மனிதர், அதற்கு முந்தைய மழைக்காலத்தை நீலகிரிச் சோலை விறகின் சூட்டில்தான் கழித்தார். அப்போது மலையில் கற்பூர மரம் கிடையாது. எரிந்தது முழுக்கச் சோலை மரம்.

மற்ற மாளிகைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். சவாய் ஹோட்டல் இருக்கும் இடத்தின் கதை 1829இல் ஒரு மிஷன் பள்ளியோடு தொடங்குகிறது. பின்னர் கை மாறி மாறி ஹோட்டலாக வளர்ந்து, தனித்தனிக் குடில்களும் ஒவ்வொன்றிலும் ஒரு கணப்புமாகப் பரந்தது. பெர்ன்ஹில் 1844இல் கேப்டன் காட்டன் என்பவர் கட்டிய பங்களா. அது மைசூர் மகாராஜாக்கள் கைக்குப் போய், அவர்களுடைய கோடை அரண்மனையாகி, சுதந்திரத்துக்குப் பிறகு ஹோட்டலும் ஆனது. 1870லிருந்து சென்னை மாகாண அரசே வருடத்தில் பாதி நாள் கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. 1899இல் ரயில் குன்னூரை எட்டியது. 1908இல் ஊட்டிக்கு வந்தது. அதன்பின் விருந்தினர் கூட்டத்துக்குக் குறைவே இல்லை.

இந்தக் கட்டடங்களை வெளியிலிருந்து பார்க்கும்போது கூரையைக் கவனியுங்கள். சீமை ஓட்டுக்கு மேலே வரிசையாகப் புகைபோக்கிகள். ஒரு புகைபோக்கிக்குக் கீழே ஓர் அடுப்போடு முடிவதில்லை. முதுகோடு முதுகாக இரண்டு அறைக்கு இரண்டு கணப்பு இருக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்று, வரவேற்பறையில் ஒன்று, நடன மண்டபத்தில் எதிரெதிரே இரண்டு. போதாக்குறைக்குக் குளியலுக்கு வெந்நீர், சமையலறையில் நாள் முழுவதும் அணையாத அடுப்பு, சலவைக்கு ஒரு கொப்பரை. உச்சாணியில் உத்தரம், ஆளுயர ஜன்னல், அதன் கண்ணாடி இடுக்கில் நுழையும் காற்று. இப்படி ஓர் அறையைச் சூடாக்குவது சல்லடையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குத்தான் போகிறது.

அதே குளிரில் இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அந்தக் கட்டடக்காரர்கள் எட்டிப் பார்த்திருக்கலாம். மந்து என்ற அவர்கள் குடியிருப்பில் இருக்கும் தோடர் வீடு, பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போலிருக்கும். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். வாசல் அத்தனை சிறியது. ஜன்னல் கிடையாது. சோலையிலிருந்து பிரம்பு, சதுப்பில் விளையும் புல், மூங்கில். கூரையும் சுவரும் ஒன்றாகவே வளைந்து இறங்கும். உள்ளே ஒரு சின்ன அடுப்பு போதும். மனிதர்களின் மூச்சும் அந்த அடுப்பின் கங்குமே இரவைக் கடத்திவிடும். இந்த மலையின் குளிரை ஆயிரக்கணக்கான இரவுகள் பழகித் தெரிந்துகொண்டவர்கள் கட்டிய வீடு அது. ஹோட்டலோ இங்கிலாந்துக் கிராமத்து வீட்டின் நகல். அங்கே நிலக்கரி கிடைத்தது. இங்கே சோலைதான் இருந்தது.

சோலை என்றால் தோப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, புல்வெளி மேடுகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக விழும் பள்ளங்களில் மட்டும் அடர்ந்திருக்கும் குள்ளக் காடு அது. மரம் நெடுநெடுவென்று வளராது. காற்றுக்குப் பணிந்து, குடை பிடித்ததுபோல் தலை விரித்து, உடம்பெல்லாம் பாசியும் ஆர்க்கிட்டும் போர்த்தி, தலைமுறைக் கணக்கில் நிதானமாக வளரும். அடியில் முழங்கால் வரை இலைமக்கு. மழை அதில் இறங்கி, மேட்டுப் புல்வெளி வாங்கிய தண்ணீரோடு சேர்ந்து, சதுப்பில் தங்கி, கோடையில் துளித்துளியாகக் கசிந்து ஓடையாகும். பைக்காராவும் குந்தாவும் மோயாறும் பவானியும் இந்தக் கசிவில்தான் பிழைக்கின்றன. ஒரு பள்ளத்துச் சோலையை விறகுக்கு வெட்டினால், வெட்டியவரின் பேரன் காலத்தில்கூட அது திரும்ப எழுந்திருக்காது.

வெட்டினார்கள். ஊரைச் சுற்றியிருந்த சோலைகள்தாம் முதலில் போயின, பக்கத்தில் இருந்ததால். கட்டட மரத்துக்காவது தொலைவு போனார்கள். செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. விறகுக்கு யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்? கைக்கெட்டிய தூரத்தில் வெட்டு, தலைச்சுமையாகக் கொண்டு வா, அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஊட்டியில் விறகுப் பஞ்சம் வந்துவிட்டது.

பஞ்சத்துக்கு அவர்கள் கண்ட மருந்துதான் என்னை அதிகம் உறுத்துவது. சோலையை வளர்ப்பதற்கு நேரமில்லை; சீக்கிரம் வளரும் மரம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருந்தது. 1832 வாக்கில் கேப்டன் டன் என்பவர் சீகையைக் கொண்டுவந்தார். 1843இல் கற்பூர மரம் வந்தது. கொண்டுவந்தவர் மதராஸ் இன்ஜினீயர் படையின் கேப்டன் காட்டன். மறுவருடம் பெர்ன்ஹில் பங்களா எழுந்ததும் கேப்டன் காட்டன் என்ற பெயரில்தான். ஒரு கணப்பு மாளிகையும் அதற்கான விறகும் ஒரே வருட வித்தியாசத்தில், ஒரே பெயரின் கீழ் இந்த மலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

முதலில் தோட்டத்துக்கு அழகாக நாலு மரம். 1863இல் ஊட்டி அரம்பி பகுதியில் விறகுக்கென்றே முறையாகக் கற்பூரத் தோப்பு போட்டார்கள். பத்து வருடத்தில் வெட்டலாம். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஹோட்டல்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் தோப்பு போட இடம் எது? புல்வெளிதான். வெள்ளைக்காரரின் கணக்கேட்டில் புல்வெளி என்பது சும்மா கிடக்கிற நிலம். தோடர் எருமைகள் அங்கே மேய்வதும், வரையாடு அங்கே குட்டி போடுவதும், பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குறிஞ்சி அங்கே பூப்பதும் அந்த ஏட்டில் எந்தப் பத்தியிலும் வராது. பிறகு தேயிலை பரவியது. இலையை வாட்டவும் உலர்த்தவும் தொழிற்சாலைகளுக்கும் விறகு. அதற்கும் கற்பூரம். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நிறுத்தவில்லை. சமவெளி ஆலைகளின் கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று புல்வெளிமேல் புல்வெளியாக நட்டோம். அதற்காக வெள்ளைக்காரனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கணக்கு இதோ. நீலகிரி மேட்டுநிலத்தில் 1849இலும் 1992இலும் நிலம் எப்படி இருந்தது என்று ஒப்பிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஏறக்குறைய 29,900 ஹெக்டேர் இருந்த புல்வெளி 4,700 ஆகிவிட்டது. 8,600 ஹெக்டேர் சோலை 4,200 ஆகிவிட்டது. 1849இல் பூஜ்யமாக இருந்த தேயிலையும் சீகையும் கற்பூரமும் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டன.

தண்ணீர் என்ன ஆனது? இதையும் ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை. உதகையில் இருக்கும் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்து ஓடைப் பள்ளங்கள் இரண்டை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்வெளியும் சோலையுமாக அப்படியே விட்டது. இன்னொன்றில் பாதிக்குச் சற்று மேலான இடத்தில் கற்பூரம் நட்டது. இரண்டு ஓடையிலும் வரும் தண்ணீரை வருடக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் மரம் நட்ட பள்ளத்தின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. கோடையில் ஓடையை ஓடவைக்கும் ஊற்றுக்கசிவும் குறைந்தது. வெட்டிய கட்டை மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் இழப்பு இன்னும் கூடியது. இது ஒரு சின்னப் பள்ளத்தின் கணக்கு. மலை முழுக்கப் பெருக்கிப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊட்டி ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடைகளை மறித்துச் சல்லிவன் கட்டிய ஏரி இன்றைய படகுத்துறையைவிடப் பல மடங்கு பெரியது. பஸ் நிலையமும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் நிற்பது அந்த ஏரியின் மடியில். ஊருக்குக் குடிதண்ணீர் இப்போது பார்சன்ஸ் வேலியிலிருந்தும் மார்லிமந்திலிருந்தும் வர வேண்டியிருக்கிறது. ஊரை நாடி வருகிறவர்களோ எண்ணி மாளவில்லை; 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுத்துத்தான் வண்டிகள் மலையேறுகின்றன. அந்த வண்டிகளில் வருகிற ஒவ்வொருவருக்கும் அறையில் வெந்நீர்க் குழாய் வேண்டும்.

இந்த ஹோட்டல்கள்தாம் மலைக்குச் சாலையையும் சம்பளத்தையும் கொண்டுவந்தன, மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டன என்று ஊர்க்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனாலும் அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை அரசு, நீதிமன்றம், ஆர்வலர்கள் என்று பலர் முயற்சியில் நடக்கும்போது, அதில் பழைய ஹோட்டல்களின் பெயரை நான் எங்கும் கேள்விப்படவில்லை. சீகையை வெட்டினால் அது வேரிலிருந்து பத்தாக முளைக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடு காத்திருக்கிறது. வெட்டியபின் வருடாவருடம் குனிந்து கன்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். அங்கேதான் எல்லாத் திட்டமும் மூச்சு வாங்குகிறது. தோடர்கள் தங்கள் கோயில் கூரையை மாற்றச் சதுப்புப் புல்லைத் தேடி வெகுதூரம் அலைகிறார்கள். ஒரு பழைய ஹோட்டல் ஒரே ஒரு பள்ளத்தை, அதன் சதுப்போடும் ஓடையோடும், இருபது வருடத்துக்குத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். கணப்புக்கு இரண்டாம் கூடை கேட்கிற விருந்தினரிடம் வாங்கும் காசு அந்தக் களை பறிக்கும் கூலிக்குப் போகட்டும். வரவேற்பறைச் சுவரில் கவர்னர்களின் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளத்தின் படமும் வருடாவருடம் தொங்கட்டும். இதை ஹோட்டல் நடத்தும் யாராவது படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

மறுநாள் விடியலில் ஜன்னலுக்கு வெளியே புல்தரை முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. கம்பளிக் குல்லாய்க்காரர் வந்து கணப்பில் மிச்சமிருந்த சாம்பலை ஒரு தகர வாளியில் அள்ளினார். ரோஜாச் செடிகளுக்குப் போடுவதாம். வாளியோடு அவர் பின்கட்டுக்கு நடக்க, நானும் கூடப் போனேன். பின்வாசலில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. தடித்த குழாயைத் தொட்டிக்குள் விட்டிருந்தார்கள். அறைகளுக்கு நாள் தவறாமல் தண்ணீர் வந்துவிடும் என்றார் அவர். கீழ்த் தெருவில் இருக்கும் அவர் வீட்டுக்கு, கோடை வந்தால், வாரத்துக்கு ஒருமுறை.