நிகழ்வு வரிசைப் பதிவி

நிகழ்வு வரிசைப் பதிவி என்பது பல எண்ணிம உள்ளீடுகளைத் தொடர்ந்து கண்காணித்து, அவற்றில் ஏற்படும் ஒவ்வொரு நிலைமாற்றத்தையும் அது நிகழ்ந்த நேரத்துடன் பதிவு செய்யும் தரவு சேகரிப்புக் கருவி ஆகும். மின் உற்பத்தி நிலையங்கள், துணை மின்நிலையங்கள், வேதி ஆலைகள் முதலியவற்றில் இது பயன்படுகிறது. பெரும் பழுது ஏற்படும்போது பல எச்சரிக்கைகள் ஏறத்தாழ ஒரே வேளையில் எழும். அவற்றுள் முதலில் நிகழ்ந்தது எது, அதன் விளைவாக நிகழ்ந்தவை எவை எனப் பிரித்தறிய இக்கருவி உதவுகிறது.

எண்ணிம உள்ளீடு

எண்ணிம உள்ளீடு 0, 1 ஆகிய இரு நிலைகளை மட்டுமே கொண்டது. டிடிஎல் வகை உள்ளீடுகளில் 0.8 வோல்ட்டுக்குக் குறைவான மின்னழுத்தம் 0 எனவும், 2 வோல்ட்டுக்கு மேற்பட்டது 1 எனவும் கொள்ளப்படும். தொழிற்சாலைகளில் மின் இரைச்சலைத் தாங்கும்பொருட்டு 24 வோல்ட் உள்ளீடுகள் பரவலாகப் பயன்படுகின்றன.

கண்டறியும் முறைகள்

* சுழற்சி வாசிப்பு: கணினி குறித்த இடைவெளிகளில் உள்ளீடுகளை வாசித்து, முந்தைய நிலையுடன் ஒப்பிடும். இடைவெளி 100 மில்லி வினாடி எனில், அதற்கிடையே தோன்றி மறையும் துடிப்பு பதிவாகாமல் போகலாம்.
* மாற்றம் கண்டறிதல்: நிலை மாறும் கணத்தை வன்பொருளே உணர்ந்து, நேரத்தைக் குறித்துத் தன் நினைவகத்தில் சேமிக்கும். கணினி அதனைப் பின்னர் படித்துக்கொள்ளும். ஆகவே இயக்குதளத்தின் தாமதம் பதிவைப் பாதிப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு பதிவு பின்வருமாறு அமையலாம்:

10:15:32.104 – பாதுகாப்பு ரிலே இயங்கியது
10:15:32.151 – சுற்று முறிப்பான் திறந்தது

இவற்றிடையே உள்ள 47 மில்லி வினாடி இடைவெளி, ரிலேயின் கட்டளைக்குப் பின்னரே முறிப்பான் திறந்ததைக் காட்டுகிறது. 100 மில்லி வினாடிச் சுழற்சி வாசிப்பில் இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தனவாகத் தோன்றக்கூடும்.

தொடுமுனைத் துள்ளல்

இயந்திர ஆளியின் தொடுமுனைகள் மூடும்போது சில மில்லி வினாடிகள் துள்ளும். இதனால் ஒரே நிகழ்வு பலமுறை பதிவாகலாம். இதைத் தவிர்க்க, உள்ளீடு குறித்த காலம் நிலையாக இருந்தால் மட்டுமே மாற்றம் ஏற்கப்படும். அவ்வாறு ஏற்கும்போது, காத்திருப்பு முடிந்த நேரத்தையன்றி முதல் மாற்றத்தின் நேரத்தைக் குறிப்பதே சரியாகும். வடிகட்டும் காலம் மிகுந்தால் உண்மையான குறுந்துடிப்புகளும் விலக்கப்பட்டுவிடும்.

நேர ஒத்திசைவு

வெவ்வேறு இடங்களிலுள்ள பதிவிகளின் கடிகாரங்கள் ஒத்திராவிடில், அவற்றின் பதிவுகளை ஒன்றிணைத்து வரிசைப்படுத்துவது கடினம். ஆகஸ்ட் 14, 2003 அன்று ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்களைப் பாதித்த மின்தடையை ஆராய்ந்த இருநாட்டுக் குழு இச்சிக்கலை எதிர்கொண்டது. பல பதிவிகள் பொது நேரத்துடன் ஒத்திசைக்கப்படாததால், நிகழ்வுகளின் வரிசையை மீட்டமைக்கப் பெரும் உழைப்பு தேவைப்பட்டது. பின்னர் வட அமெரிக்க மின்வலையமைப்புச் சீர்தரங்களில், இத்தகைய பதிவுகளின் நேரம் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்திலிருந்து 2 மில்லி வினாடிக்கு மேல் விலகக்கூடாது என வரையறுக்கப்பட்டது. இதற்குப் பெரும்பாலும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரம் பெறும் கடிகாரங்கள் பயன்படுகின்றன.