விளக்கும் செடியும்

வாழவந்தி முதலிய சேர்வராயன் மலையூர்களுக்குச் சென்றால், காப்பிச் செடிகள் நிழல் மரங்களின் கீழ் வளர்வதைக் காணலாம். சில்வர் ஓக் மரங்கள் ஓங்கி நிற்கும். அவற்றின்மேல் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். மழைக்காலத்துக்கு முன்னர் அம்மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். மேகம் மூடிய நாட்களில் செடிகளுக்கு ஒளி குறைந்துவிடலாகாது என்பதே காரணம். கதிரவனை நகர்த்த எவராலும் இயலாது. ஆகையால் நிழலைக் கூட்டியும் குறைத்தும் ஒளியை அளந்து கொடுக்கிறார்கள். வீட்டினுள் செடி வளர்ப்போருக்கோ விளக்கையே நகர்த்தும் வசதி உண்டு.

நான் பணியிலிருந்த காலத்தில் ஒரு மாணவன் அவரை நாற்றுகளை வகுப்பறையில், உயரத்தில் தொங்கிய விளக்கின் கீழ் வைத்து வளர்த்தான். அவை வெளுத்து, நூல்போல் நீண்டு சாய்ந்தன. நீர் போதவில்லை என்றேன் நான். அவனும் நீரைக் கூட்டினான், வேர் அழுகிற்று. பிழை அவனுடையதன்று, என்னுடையது. அறை எனக்கு வெளிச்சமாகத் தோன்றியதால் ஒளிக்குறையை நான் எண்ணவே இல்லை.

நம் கண்மணி விரிந்தும் சுருங்கியும் வெளிச்சத்துக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும். தெளிந்த நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவில் விளக்கேற்றிய வீட்டறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே மிகுதி. இரண்டிலும் நமக்குப் பொருள்கள் தெரிகின்றன. ஒளியைக் கொண்டே உணவு ஆக்கும் செடிக்கோ பின்னது பட்டினியாகும்.

இனி, விளக்கை எங்கே வைப்பது? சிறிய விளக்கின் ஒளி, தொலைவு இருமடங்கானால் நான்கில் ஒன்றாகவும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகவும் குறையும். இதனைத் தலைகீழ் இருமடி விதி என்பர். 1 அடி உயரத்தில் கிடைக்கும் ஒளியில் 64-இல் ஒரு பங்கே 8 அடியில் கிடைக்கும். ஆதலால், பெரிய விளக்கு வாங்குமுன் இருக்கும் விளக்கைத் தாழ்த்திப் பாருங்கள்.

பழைய இழை விளக்கு வெப்பத்தால் இலையைக் கருக்கும். எல்.இ.டி. விளக்கில் வெப்பம் குறைவு; நாற்றுக்கு நேர்மேலே ஏறத்தாழ 1 அடி உயரத்தில் வைத்துத் தொடங்கலாம். தண்டு நீண்டு வெளுத்தால் விளக்கை இறக்குக. நுனியிலைகள் சுருண்டு கருகினால் ஏற்றுக. செடி வளர வளர உயர்த்துக. நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் ஒளி போதும். இரவில் இருளும் வேண்டும்.

சாய்ந்த நாற்றைக் கண்டதும் நான் செய்ததுபோல் நீர்க்குடத்தைத் தேடாதீர்கள். முதலில் அண்ணாந்து, விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.