மலை இல்லாத ஊரில் மலை சைக்கிள்!

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் மலை சைக்கிள் இருக்கிறது. ஊரில் மலை இல்லை. கூட வர ஆளும் இல்லை!

மலை இல்லாவிட்டால் என்ன? ஆரோவில் பக்கம் மழை அரித்த செம்மண் மேடு பள்ளங்கள் உண்டு. ஆனால் தனியாகப் போகக் கூடாது. பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தால் தூக்கிவிட யார்?

இந்த விளையாட்டே கூட்டாளிகளால் வளர்ந்ததுதான். அமெரிக்காவில், கலிபோர்னியா மலைச்சரிவில் பழைய சைக்கிள்களில் இறங்கிய நண்பர்களுக்குள் "யார் வேகம்?" என்று தகராறு. 1976 அக்டோபர் 21-ந் தேதி பந்தயம் வைத்தார்கள். 1,300 அடி இறக்கம்! பிரேக்கில் உள்ள கிரீஸ் புகைந்தே போய்விடும். மறுபடி அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கு "ரீபேக்" என்றே பெயர். கேள்விப்பட்டவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தனர்.

ரெட்டியார்பாளையத்தாருக்கு ஒரு வழி: சைக்கிள் கடைக்காரரைக் கேட்கலாம். யார் டயரில் செம்மண் ஒட்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்!